குரல்படத்தின் வால்

குயில் கூவினால் நாமெல்லாம் கேட்போம், அவள் பார்ப்பாள். அதுதான் அவள் வேலை. பறவை ஆராய்ச்சிக்காரர்களுக்காகச் சின்னச்சின்ன ஒலிப்பதிவுகளைக் கணினியில் போட்டுப் படமாக்கித் தரவேண்டும். ஸ்பெக்ட்ரோகிராம் என்று பெயர். வீட்டில் அதற்குக் குரல்படம். கீச்சுக்குரல் மேலே ஏறும், கனத்த குரல் கீழே கிடக்கும். கறுப்புத் திரையில் வெளிச்சக் கோடுகள் மிதந்து வந்தால் போதும், அவளுக்குக் கண் சொக்கும். காதில் ஹெட்ஃபோன் வேறு. பால் பொங்கி வழிந்தாலும் உறைக்காது.

ஒன்று மட்டும் உறைத்துக்கொண்டே இருந்தது. மகள் பொடிசுக்கு நாலு வயது முடியப்போகிறது. இன்னும் வாயே திறக்கவில்லை. காது நன்றாகத்தான் கேட்கிறது என்றார் டாக்டர். "பேசுவா, பேசுவா" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, அந்த ஆறுதலே அவளுக்குப் புளித்துப்போயிற்று. பிள்ளையின் குரலை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்று ஏங்காத நாளில்லை.

பால்கனியில் வைத்த மைக்கில் தினமும் காலைக் குயில் பதிவாகும். கூவலை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் வரும் மிச்சத்தை வெட்டிவிடுவாள். அதற்கு 'வால்' என்று பெயர். அன்று ஏதோ மயக்கத்தில் வாலை வெட்டாமலே படமாக்கிவிட்டாள்.

கூவலுக்குப் பின்னால் மங்கலாக இன்னொரு வளைவு. அதே ஏற்றம், அதே இறக்கம். ஆனால் குயிலின் கோடு ஒற்றை இழை. இதுவோ ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக நின்றது. எதிரொலி இப்படி வராது. மனுஷக் குரல்தான் இப்படி அடுக்கும்.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்!"

பேக்கரியில் ராத்திரியெல்லாம் ரொட்டி சுட்டுவிட்டு வந்து தூங்கிய கணவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தான். "ஏன், குயிலுக்கு ரெட்டைப் பிள்ளையா?"

"காலையில பால்கனிக்குப் போனீங்களா?"

"நான் எங்க போனேன்? கட்ட மாதிரி கிடந்தேன். பொடிசுதான் அங்கயே உக்காந்திருக்கும்."

சொல்லிவிட்டு அவனே சட்டென்று பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

வெட்டுவதற்கு முன்னால் கணினியில் சேர்த்துவைத்திருந்த பழைய முழுப்பதிவுகளை அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் அந்த அடுக்கு வளைவு.

"ஐயோ, நான் பாவி! இரைச்சல்னு சொல்லி என் கையாலேயே வெட்டிப் போட்டிருக்கேனே!" விசும்பி விசும்பி அழுதாள்.

பால்கனிக் கம்பியில் மோவாயை வைத்துக்கொண்டு பொடிசு உட்கார்ந்திருந்தது. 'பேசும்மா' என்று கெஞ்ச வாய் வரைக்கும் வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, தானே குயில்போல ஒரு கூவல் கூவினாள். சகிக்கவில்லை. கதவருகே நின்ற கணவனுக்கே சிரிப்பு முட்டியது.

பொடிசு அவளை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு இரண்டு கையாலும் அம்மாவின் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, புரியாத பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல, நிறுத்தி நிதானமாக, சரியாகக் கூவிக் காட்டியது.