பட்டப்பகலில் அருந்ததி
பட்டப்பகலில் நட்சத்திரம் காட்டுகிறவர்கள் நாம்தான். எங்கள் கல்யாணத்தில் வாத்தியார் மண்டபக் கூரையைக் காட்டி, "அருந்ததி தெரியறதா?" என்றார். மின்விசிறிதான் தெரிந்தது. "தெரியறது" என்று இருவரும் சொன்னோம்.

இன்று விவாகரத்து முடிந்தது. சாயங்காலம், காலைவரை என் கணவராக இருந்த வாஞ்சிநாதன் தன் கேசட் பெட்டியை எடுத்துப்போக என் பிஸ்கட்டவே வீட்டுக்கு வந்தார். கிளம்பும்போது நன்றாக இருட்டியிருந்தது. பார்க்கிங் லாட்டில் அண்ணாந்து பார்த்தேன். அந்தக் காலத்தவர்கள் வெறுங்கண்ணால் பிரித்தறிந்த ஜோடி அங்கே இருந்தது: வசிஷ்டர், ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி.

"அதோ அருந்ததி" என்றேன்.

அவர் கார் டிக்கியை மூடிவிட்டு நிமிர்ந்தார். "தெரியறதே. நன்னா பிரைட்டா இருக்கே" என்று விரல் நீட்டினார்.

அவர் காட்டிய வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது. நியூவார்க்கில் இறங்கப்போகும் விமானம்.

"ஆமா, அதுதான்" என்றேன்.