செல்லமாகத்தான் என்று சொன்னவர்

1.

இந்தக் கதை ஒரு கடிதத்தைத் திருத்தப்போன இடத்தில் கிடைத்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கீழ்வீட்டு மொழிபெயர்ப்பாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையால் எழுதிய இரண்டு தாளோடு மாடியேறி வந்தார். கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் என்றார். பார்த்துக் கொடுத்தேன். அதனால் என்ன ஆயிற்று என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நீதிமன்றத்தில் அவருக்குத் துபாஷி என்று பட்டப்பெயர். இருபத்தாறு வருடமாக அடுத்தவர் பேச்சை வாயில் சுமந்து பிழைப்பவர். சொந்தப் பேச்சு குறைவு.

முதலில் கதையை மைதானத்தில்தான் தொடங்கினேன். "எண்பத்து மூன்றாவது நிமிடம். மழை விட்ட புல்லில் பந்து வழுக்கி" (அடித்துவிட்டேன். துபாஷி அன்று மைதானத்திலேயே இல்லை. ஆஃப்சைடு என்றால் என்னவென்று அவருக்கு இன்றுவரை தெரியாது. எனக்கும் அரைகுறைதான்.)

2.

நடந்தது இவ்வளவுதான். கார்னர் கிக். கோல் கம்பத்துக்கு முன்னால் இரண்டு பேர் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் எங்கள் ஊர் அணியின் ஸ்ட்ரைக்கர். இன்னொருவர் எதிரணியின் டிஃபெண்டர். வேறு நாட்டுக்காரர், கறுத்த நிறம், இங்கே விளையாட வந்து மூன்று வருடம். ஸ்ட்ரைக்கர் அவரைத் தோளால் இடித்து, "தள்ளுடா கருவாயா" என்றார்.

டிஃபெண்டர் நின்றுவிட்டார். பந்து வலைக்குள் போனது.

நேராக நடுவரிடம் நடந்தார். கோலை விட்டுவிட்டுச் சாக்குச் சொல்கிறார் என்று ஊரே சொன்னது.

(அந்தச் சொல்லை அப்படியே எழுதுவதா, புள்ளி வைத்து மறைப்பதா என்று இரண்டு நாள் தடுமாறினேன். மறைத்தால் நீங்கள் வேறு ஏதோ பயங்கரமான சொல் என்று நினைத்துக்கொள்வீர்கள். நம் சாப்பாட்டு மேசையில் புழங்குகிற சொல் என்பது தெரியாமலே போய்விடும்.)

வீட்டில் தம்பியைக்கூட அப்படித்தான் கூப்பிடுவோம் என்றார் ஸ்ட்ரைக்கர். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கிளப்பும் அவர் பக்கம் நின்றது. சொல்லைப் பார்க்காதீர்கள், எங்கள் பண்பாட்டைப் பாருங்கள் என்றது. விசாரணைக் குழுத் தலைவர் வெளிநாட்டு ஓய்வுபெற்ற நீதிபதி. நம் மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அப்படித்தான் துபாஷி உள்ளே வந்தார். மொழிபெயர்ப்பாளராக மட்டுமல்ல, மொழி தெரிந்த சாட்சியாகவும் உறுதிமொழி எடுத்துக்கொண்டு.

3.

ஓட்டலின் கூட்ட அறை. நீள மேசை, திறக்காத தண்ணீர் பாட்டில்கள், குளிர்சாதனத்தின் இரைச்சல். தலைவர் சொல்லின் நேர்ப்பொருளைக் கேட்டார். துபாஷி சொன்னார். பேச்சுவழக்கில் எப்படி என்று கேட்டார். திட்டாகவும் வரும், செல்லமாகவும் வரும், பேசுகிறவரின் உறவைப் பொறுத்தது என்றார். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை.

டிஃபெண்டர் தானே ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கினார். நம் மொழியிலேயே, மெதுவாகக் கேட்டார்.

"உங்கள யாராவது அப்படிக் கூப்பிட்டிருக்காங்களா?"

விசாரணையின் ஒலிப்பதிவில் இந்த இடத்தில் மூன்று நொடி மௌனம் இருக்கிறது. அந்த மூன்று நொடியில் துபாஷியின் மனதில் ஒரு முள் (முள் வேண்டாம். என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது.)

"என் அக்கா கூப்பிடுவாங்க. செல்லமாத்தான்."

அறை இளகிவிட்டது. கிளப்பின் வக்கீல் பேனாவை மூடினார். ஸ்ட்ரைக்கர் துபாஷியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பண்பாட்டுச் சூழலைக் கருத்தில் கொண்டு எச்சரிக்கையோடு விடுவதாகத் தீர்ப்பு வந்தது.

அடுத்த ஆட்டத்தில் டிஃபெண்டர் காலில் பந்து படும்போதெல்லாம் கூட்டம் அந்தச் சொல்லை ராகம் போட்டுக் கத்தியது. இருபதாயிரம் பேர் செல்லமாகக் கூப்பிட்டார்கள்.

4.

அக்காவைப் பற்றிய அந்த வாக்கியம் பத்திரிகையில் வந்தது. பெயர் இல்லை, ஆனாலும் அக்காவுக்குப் புரிந்தது. மறுநாள் மதியம் அவளே போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"செல்லமான்னு உங்கிட்ட யாருடா சொன்னது?"

அம்மாதான் சொன்னாள் என்றார் துபாஷி.

"நீ அழுதேன்னு அம்மா உன்னைச் சமாதானம் பண்றதுக்காக அப்படிச் சொன்னாங்க. நான் உனக்கு வலிக்கணும்னுதான் கூப்பிட்டேன். அம்மா உன்னையே தூக்கி வச்சுக்கிட்டிருந்தா எனக்கு எப்படி இருந்திருக்கும்? வேற எதைச் சொன்னாலும் நீ அழமாட்ட. இதுக்கு மட்டும் அழுவ."

ஐம்பத்தெட்டு வயது அக்கா. சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள். துபாஷியின் பத்தாம் வகுப்பு வயதில் எடுத்த குடும்பப் படம் ஒன்று கீழ்வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் அவர் மட்டும் இல்லை. "படத்தை எடுத்ததே நான்தான்" என்று அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், நான் கேட்காமலே.

அதற்குப் பிறகுதான் விசாரணைக் குழுவுக்கு அந்தக் கடிதம். முதல் வரி: "செல்லமாகத்தான் என்று நான் சொன்னது பொய்."

நான் திருத்தினேன். உறுதிமொழி எடுத்துப் பொய் சொன்னேன் என்று எழுதிக்கொடுத்தால் நீதிமன்ற வேலை போய்விடுமே என்று பயந்தேன். "என் சாட்சியம் முழுமையற்றது" என்று மாற்றினேன். அவர் சற்று நேரம் அந்த வரியையே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பதில் ஒன்பது நாளில் வந்தது. தவறான சாட்சியம் என்று தெரியவந்தால் மட்டுமே வழக்கை மறுபடி எடுக்க விதி உண்டு, முழுமையற்ற சாட்சியம் அதில் அடங்காது, கோப்பு மூடப்பட்டது.

அதை என்னிடம் காட்டினார். "மொழி நல்லா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான்.

(இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிட முயன்றேன். இது இல்லாமல் கதை இன்னும் வடிவாகவே இருந்தது.)

5.

பிறகு துபாஷி டிஃபெண்டரின் வீட்டுக்கே போனார். அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கூடமெங்கும் அட்டைப் பெட்டிகள்; அவர் மனைவி ஒவ்வொன்றாக டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். உட்கார நாற்காலி இல்லை. வாசலிலேயே நின்று துபாஷி எல்லாவற்றையும் சொன்னார்: அக்கா, போன், கடிதம், பதில். மன்னிப்பும் கேட்டார். டேப் கிழிக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது.

டிஃபெண்டர் முழுதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னைக்கு எனக்குப் பதில் சொல்லும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் துபாஷி "தெரியாது" என்கிறார். ஐம்பது வருடம் அம்மாவின் சமாதானத்தை நம்பி வாழ்ந்த பிள்ளை. டிஃபெண்டர் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். எழுதி முடித்து நானே இரண்டு முறை படித்து ரசித்தேன். அதனாலேயே சந்தேகமும் வந்தது. இரண்டாவதில் "தெரியும்" என்கிறார். டிஃபெண்டர் தலையசைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறார், சத்தமில்லாமல். இதில் அந்த மூன்று நொடிக்குக் கணக்கு சரியாகிவிடுகிறது. அது சரியாவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் கீழே இறங்கிப் போய் அவரையே கேட்டேன். என்ன பதில் சொன்னீர்கள்?

துபாஷி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், மறுநாள் நீதிமன்றம். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"சொன்னா நீங்க திருத்திடுவீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மேலே வந்தேன். இரண்டு முடிவுகளையும் அடித்தேன். அந்த வரியை இப்படியே விடுகிறேன்:

துபாஷி சொன்னார்: "                    "

நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம். அவசரமில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் டிஃபெண்டர் கேட்டுவிட்டு, வாசலில் நின்றபடி துபாஷியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.