மஞ்சளும் நீல வெளிச்சமும்

“மஞ்சள்தானே டொக்டர், அது என்ன செய்யப்போகுது? கறியில போடுறோம், மூஞ்சில பூசுறோம்.”

“பல்லுக்குள்ள யாரு போடச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லல. கிருமி செத்து சுத்தமா வரட்டுமேன்னு நானேதான் காலையில அப்பினேன். எங்க தோட்டத்து மஞ்சள். கடைச் சரக்கில்ல.”

பல் வைத்தியர் அருள்மணி கையிலிருந்த நீல விளக்கைச் சட்டென்று இறக்கினாள். பல்லை அடைக்கும் பசையைக் கல்லாக இறுக்கும் விளக்கு அது. பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். நாற்காலியில் சாய்ந்திருந்த டொறீனுக்கு முன்பல் பாதி இல்லை. நேற்று பல்லேபொலையில் திரீவீலர் சாய்ந்ததில் பட்ட அடி. உடைந்த இடத்தில் குண்டூசித் தலையளவு சிவப்பாகத் தெரிந்தது பல்லின் உயிர்ச்சதை. அது பிழைத்தால் பல் பிழைக்கும். இல்லாவிட்டால் நரம்பை எடுத்துவிட வேண்டியதுதான். அப்படி எடுத்த பிறகுதான் டொறீனின் அண்ணன் ஹெர்பர்ட்டுக்குப் பல் கறுத்தது. இப்போது அவன் உதட்டை மூடிக்கொண்டே சிரிக்கிறான்.

“ஏன் நிப்பாட்டிட்டீங்க?”

“மஞ்சள் மட்டும்னா பயமில்ல. இந்த வெளிச்சம் மட்டும்னாலும் பயமில்ல. ரெண்டும் சேர்ந்தா கிருமியக் கொல்லும்னு ஒரு ஆராய்ச்சியில வாசிச்சேன்.”

“பாத்தீங்களா! நான் செஞ்சது நல்லதுதானே?”

“கிருமியக் கொல்றது உங்க சதையக் கொல்லாதுன்னு யாரு சொன்னது?”

டொறீன் கூரையைப் பார்த்து யோசித்தாள். “அதுவும் சரிதான். வெளிச்சத்துக்கு எப்படித் தெரியும், எது கிருமி, எது நான்னு?”

அந்தக் கட்டுரையை வாசித்த நாளிலிருந்து அருள்மணியை அரித்துக்கொண்டிருந்த கேள்வியும் அதுவே. எங்கோ ஒரு ஆய்வுக்கூடத்தில் பல் சதையின் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, மஞ்சளின் சாயம் சேர்த்து, வெளிச்சம் காட்டியிருந்தார்கள். அளவோடு இருந்தால் தப்பின, கூடினால் செத்தன. தட்டில் சரி. மாத்தளையில் ஒரு வாய்க்குள் எது அளவு, எது கூடுதல்?

பல்லைக் கழுவினாள். பஞ்சால் ஒற்றி எடுத்துத் தட்டில் வைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பஞ்சின்மேல் விளக்கைப் பிடித்தாள். பஞ்சு பச்சையாக ஒளிர்ந்தது, மழை விட்ட இரவில் மிளகுக் கொடிக்குள் மாட்டிக்கொண்ட மின்மினி போல.

“அம்மாடி!” டொறீன் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். “இதா என் வாய்க்குள்ள இருக்கு?”

“ஒளிர்ற வரைக்கும் மஞ்சள் இருக்குன்னு அர்த்தம்.”

மறுபடி கழுவல், மறுபடி பஞ்சு. பச்சை மங்கிக்கொண்டே வந்து கடைசியில் பஞ்சு வெறும் பஞ்சாகக் கிடந்தது. ஆனால் பஞ்சு எட்டாத இடுக்கில்? விளக்கை நேரே பல்லில் காட்டினால் தெரிந்துவிடும். பார்ப்பதற்காகக் காட்டுகிற வெளிச்சமே, அவள் பயப்படுகிற வெளிச்சமும். அவளுக்குப் பார்க்க ஆசையாகவும் இருந்தது. அந்த ஆசைதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

“வெளிச்சம் வேணாம் டொறீன். தானா இறுகுற சிமெந்து வெச்சு மூடிடுறேன்.”

“உள்ள போன கிருமி?”

அருள்மணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிச் சோதித்ததில் டொறீன் வந்து சேர மத்தியானமாகிவிட்டிருந்தது. திறந்து கிடந்த சதைக்குள் கிருமி நுழைய அவ்வளவு நேரம் வேண்டியதில்லை.

“இருக்கலாம். இருந்தா உள்ளுக்குள்ளயே சதை சாகலாம்.”

“மூடினாலும் சாகலாம், வெளிச்சம் பிடிச்சாலும் சாகலாம்.”

“பிடிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. உண்மையா தெரியாது.”

டொறீன் விளக்கையும் அதைப் பிடித்திருந்த விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

“கழுவினது போதும் டொக்டர். மிச்சம் மஞ்சள் இருந்தா இருக்கட்டும், கிருமியாவது சாகட்டும். கொஞ்ச நேரம் மட்டும் அந்த வெளிச்சத்தப் பிடிச்சுப் பாருங்களேன்.”