பதினான்கு இருக்கை பஸ்ஸும் எழுபது ஏழைகளும்

பென்லின் ஊரில் அதிகம் பின்தங்கியவர்கள் யார் என்று கண்டுபிடித்துச் சொல்ல மாவட்ட மன்றம் ஒரு முனைவரை அமர்த்தியது. போட்டியில் இருந்தது இரண்டே கூட்டம். ஒன்று, நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் நிலக்கரி வெட்டலாம் என்று பிரிட்டனிலிருந்து அமெரிக்காவின் நெப்ராஸ்காவுக்கு வந்து, இங்கே நிலக்கரியே கிடையாது என்று தெரிந்ததும் வேறு வழியில்லாமல் சோளம் விதைத்த வெல்ஷ்காரர்களின் வம்சம். இன்னொன்று, இருபது வருடமாக ஊர்க்கோடி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சூடான்காரர்கள். இவர்களுடைய வருமானம், படிப்பு, வீட்டுச் சாமான், மனநிறைவு எல்லாவற்றையும் ஒப்பிட்டு, யார் கீழே இருக்கிறார்களோ அவர்களுக்கு மாவட்டத்தின் ஒரே சின்ன பஸ்ஸைக் கொடுத்துவிடுவது என்று தீர்மானம். அதில் இருப்பது பதினான்கு இருக்கை.

சூடான் குடியிருப்பில் இருக்கும் பதூலுக்கு ஒப்பீட்டில் எல்லாம் அக்கறை இல்லை. அவளுக்கு வேண்டியது அந்த பஸ். இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு அது அவள் குடியிருப்பு வாசலில் நின்று, நாற்பது மைல் தள்ளியிருக்கும் நர்சிங் கல்லூரியில் எட்டு மணிக்கு இறக்கிவிடும். படிப்பு முடிய ஒரே ஒரு பருவம் பாக்கி. வீட்டுக் கார் போன பனிக்காலத்திலேயே உயிரை விட்டாயிற்று. புருஷன் அப்துர்ரஹீம் தொழிற்சாலைக்கு நடந்துதான் போகிறான். பஸ் போனால் படிப்பு போகும். முப்பத்தாறு வயதில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

அதனால்தான் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க ஆள் கேட்டபோது முதல் ஆளாகப் போய் நின்றாள். உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும், பஸ் தானாக நம் பக்கம் வந்துவிடும் என்று நினைத்தாள். பாவம், தன் ஜனங்களைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் கழுத்தில் மாவட்டத்தின் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு அதற்கு முன் எந்த வீட்டுக்கும் போனதில்லை.

முதல் வீடு, எதிர் வீட்டு நிமாத். கதவைத் திறந்ததும் தங்க விளிம்பு வைத்த பன்னிரண்டு கோப்பைகள் மேஜையில் அணிவகுத்து நின்றன.

"என்ன அக்கா இது? நேத்து இதே வீட்டுல தரையில உக்காந்து ஒரே தட்டுல பீன்ஸ் மசிச்சுத் தின்னோம். இன்னைக்கு எதுக்கு இத்தனை கப்பு?"

"நேத்து வந்தது பதூலு. இன்னைக்கு வந்திருக்கிறது கவர்மெண்டு. வாயை மூடிட்டுக் குடி."

சுவரில் அறுபத்தைந்து அங்குல டிவி ஒன்று இருந்தது. அதன் வலது மூலையில் ஒரு கீறல். அது நிமாத்தின் டிவிதான், பதூல் குறித்துக்கொண்டாள். இரண்டாவது வீட்டிலும் அறுபத்தைந்து அங்குல டிவி. வலது மூலையில் கீறல். மூன்றாவது வீட்டில் கோப்பைகள் வந்துவிட்டிருந்தன, டிவி இன்னும் வரவில்லை. வீட்டுக்காரி ஆம்னா ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் பால் டீயை ஊற்றிக்கொண்டே இருந்தாள். நாலாவது கோப்பையின்போது பின்கட்டில் திமுதிமுவென்று சத்தம். "மெதுவாடா, மெதுவா! மூலை இடிக்குது!" என்று ஒரு குரல். ஆம்னாவின் முகம் மலர்ந்தது.

"இப்ப கேளு."

"வீட்ல டிவி இருக்கா?"

"உள்ள வந்து பாரு, எவ்வளவு பெருசுன்னு."

"அக்கா, அது நிமாத் அக்காவோட..."

"பதூலு, விருந்தாளியா வந்த இடத்துல மானத்தை வாங்காதே."

பதூல் 'உண்டு' என்று எழுதினாள். வேறு என்ன செய்ய? மாவட்டம் ஒருநாள் வந்து போகும். ஆம்னாவின் முகத்தில் தினமும் முழிக்க வேண்டியவள் இவள். இப்படியே நாற்பத்தோரு வீடு, நாற்பத்தோரு டிவி. பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் கண் பட்டுவிடும் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தில் எல்லாம் சைபர் போட்டாள். ஆக, பிள்ளைகுட்டித் தொல்லை இல்லாமல் பெரிய டிவி பார்த்துக்கொண்டு தங்க விளிம்பில் டீ குடிக்கும் ஒரு ஜனக்கூட்டம் தாளில் உருவாகிக்கொண்டிருந்தது.

வெல்ஷ் வீடுகளுக்குப் போனவர் க்ளெனிஸ் ப்ராபர்ட். எழுபத்தொரு வயது, தேவாலயத்தில் நாற்பது வருடமாக ஆர்கன் வாசிக்கிறவர். இருவரும் நூலகத்தில் உட்கார்ந்து தாள்களை அடுக்கும்போது க்ளெனிஸ் பெருமூச்சு விட்டார்.

"எல்வின் பெப் வீட்டுக்குப் போனேன் கண்ணு. கிழிஞ்ச ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். வருமானம் எவ்வளவுன்னா, 'ஏதோ ஓடுது'ங்கிறான். வீட்டுல என்ன இருக்குன்னா, 'பெருசா ஒண்ணுமில்ல'ங்கிறான். நீங்க குடியேறி எவ்வளவு நாளாச்சுன்னு கேட்டேன். 'நூத்தம்பது வருஷம். இன்னும் சரியா வேர் ஊணல'ங்கிறான்."

"நிஜமாவே கஷ்டமோ?"

"அட போம்மா! கொட்டகையில வைக்கோலுக்கு அடியில புது டிராக்டர் நிக்குது. சக்கரம் வெளிய தெரியுது. எங்க ஆளுங்களுக்குத் திருடினாக்கூடப் பரவாயில்ல, பீத்திக்கக் கூடாது. நான் பார்த்ததை எழுதினா ஞாயித்துக்கிழமை அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

பதூலுக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது.

முனைவரின் அறிக்கை நூற்றுப் பன்னிரண்டு பக்கம். சூடான்காரர்கள் எல்லா விஷயத்திலும் முன்னேறிவிட்டார்களாம். இருபதே வருடத்தில் இப்படி ஏறியது எப்படி என்று தனியாக ஓர் ஆய்வு நடத்த வேண்டுமாம். வெல்ஷ்காரர்கள்தான் நூற்றைம்பது வருடமாகத் தரையைவிட்டு எழவே இல்லை. ஆகவே பஸ் அவர்களுக்கு.

மன்றக் கூட்டம் ஒரு வியாழக்கிழமை மதியம் கூடியது. மன்றத் தலைவி திருமதி ஹாஃப்மன் அறிக்கையை வாசித்து முடித்ததும் எல்வின் பெப் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க முப்பாட்டன் காலத்துலேருந்து எவன்கிட்டயும் ஓசியில ஒண்ணும் வாங்கினதில்ல. எங்களைவிட முடியாதவங்க இருப்பாங்க. அவங்களுக்குக் குடுங்க."

உடனே சூடான் சங்கத் தலைவர் ஹாஜ் பாபிகர் எழுந்தார். வெள்ளை அங்கியின் மேல் பனிக்காலக் கோட்டு. "அறிக்கையிலயே எழுதியிருக்கு பாருங்க. எங்களுக்கு ஆண்டவன் புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல. அவங்களே வச்சுக்கட்டும்."

"சேச்சே, நீங்க வச்சுக்குங்க."

"நீங்கதான் வச்சுக்கணும்."

கால் மணி நேரம் இப்படியே போனது. திருமதி ஹாஃப்மன் பேனாவை மூடினார். யாருக்கும் வேண்டாம் என்றால் மாதக் கடைசியில் பஸ்ஸை ஏலம் விட்டுவிடலாம் என்றார். தான் எழுந்து நிற்பது பதூலுக்கே நின்ற பிறகுதான் தெரிந்தது.

"எனக்கு வேணும்," என்றாள். "எங்க வீட்ல கார் இல்ல. நாங்க ஏழைங்க. பஸ் இல்லன்னா என் படிப்பு போயிடும்."

நிமாத் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஹாஜ் பாபிகரின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது.

"எங்க வீட்டுப் பொண்ணு பஸ்ஸுக்குக் கையேந்துறதா? நான் உசுரோட இருக்கையில? என் காருல நானே கொண்டுபோய் விடுவேன். விடலன்னாலும், இவ அந்த பஸ்ல ஏறினாலும், என் பொண்டாட்டி எனக்குத் தலாக்!"

மற்ற ஊர் ஆண்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள், சாமிமேல் செய்வார்கள். சூடான் பெரியவர்கள் ஒரு வாய்ச் சோறு கூடத் தின்ன வைப்பதற்கும் கட்டிய மனைவியைப் பணயம் வைத்துவிடுவார்கள். ஹாஜின் மனைவி முப்பது வருடத்தில் இப்படி ஆயிரம் தடவை மயிரிழையில் தப்பியவள். அலட்டிக்கொள்ளாமல் கொட்டாவி விட்டாள். ஹாஜ் சத்தியம் செய்த பிறகு சும்மா இருந்தால் மரியாதையா? அடுத்தடுத்து ஆறு பேர் எழுந்து அதே சத்தியத்தைச் செய்தார்கள். திருமதி ஹாஃப்மன் 'ஏழு கார். தேவை பூர்த்தியாயிற்று' என்று குறிப்பேட்டில் எழுதினார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பதூலின் வாசலில் ஏழு கார்கள் நின்றன. யாருமே விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. விட்டால் குடும்பம் போய்விடும். கடைசியில் நாற்பது மைலை ஏழாகப் பிரித்தார்கள். ஆறு மைலுக்கு ஒருதரம் சோளக்காட்டு ஓரத்தில் பதூல் இறங்கி அடுத்த காரில் ஏறினாள். ஒவ்வொரு மாற்றத்திலும் ஏழு பேரும் இறங்கி ஒருவரையொருவர் தழுவி, குசலம் விசாரித்து, அவரவர் பிள்ளைகளின் சுகத்தைத் தனித்தனியாகக் கேட்டு முடித்தார்கள். கல்லூரி வாசலை மிதித்தபோது மணி பத்து. ஒரு வாரம் போனது. ஆசிரியை கூப்பிட்டு, இன்னும் ஒரே ஒரு நாள் தாமதமாக வந்தாலும் பெயரை எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை பதூல் பள்ளிவாசலுக்குப் போய் மௌலானா இத்ரீஸின் முன் உட்கார்ந்து அழுதாள்.

"ஏழு பேரும் ஆளுக்குப் பத்து ஏழைக்கு வயிறாரச் சோறு போடட்டும், சத்தியம் கழிஞ்சுடும்," என்றார் மௌலானா. "உங்க ஹாஜுக்கு இது பழக்கம்தான். எழுபது ஏழை கிடைச்சாப் போதும்."

அங்கேதான் சிக்கல். ஹாஜ் பாபிகர் குடியிருப்பு முழுக்கக் கதவைத் தட்டி "ஏழைங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். நிமாத் துடைப்பத்தை எடுத்தாள். ஆம்னா அந்தத் துடைப்பத்தை இரவல் கேட்டாள். கடைசியில் ஹாஜுக்கே பொறி தட்டியது. "எதுக்கு அலையணும்? ஏழைங்க யாருன்னு அரசாங்கமே நூத்திப் பன்னண்டு பக்கம் எழுதி முத்திரை குத்திக் குடுத்திருக்கே!"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேவாலயக் கூடத்தில் ஏழு பெரிய தாம்பாளங்கள் இறங்கின. சோறும், மேலே முழு ஆட்டுக்குட்டியும். தூக்கிவந்தவர்களோடு சூடான் பெண்களும் வேடிக்கை பார்க்க வந்து சுவரோரம் நின்றார்கள். வெல்ஷ்காரர்கள் மகிழ்ச்சியாக நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் திராட்சை போட்டுத் தோசைக்கல்லில் சுட்ட கேக்குகளைப் பதிலுக்கு எடுத்துவைத்தார்கள். மௌலானா கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம். இது விருந்து இல்ல. விருந்தாளி சாப்பிட்டா சத்தியம் கழியாது. ஏழைங்கதான் சாப்பிடணும்."

எல்வின் பெப் எடுத்த கரண்டியைக் கீழே வைத்தார். "விருந்துன்னா உக்கார்றோம். ஏழைன்னா எழுந்து போறோம்."

யாரும் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. சோற்றிலிருந்து ஆவி எழுந்து அடங்கிக்கொண்டிருந்தது. பதூல் கதவருகே நின்று கடிகாரத்தைப் பார்த்தாள். நாளை திங்கள். இந்தச் சோறு ஆறிப்போனால் நாளைக்கு மறுபடி ஏழு கார். நாளையோடு படிப்பு முடிந்தது. இத்தனை நல்லவர்கள் சூழ நின்று ஒருத்தியை மூழ்கடிக்கிறார்களே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கண்ணீர் தானாக வழிந்தது.

க்ளெனிஸ் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து நேராகத் தாம்பாளத்தின் முன்னால் வந்து ஒரு தட்டை நீட்டினார்.

"எனக்குப் போடுங்க," என்றார். "நான் ஏழை."

"க்ளெனிஸ்!" என்றார் எல்வின்.

"சும்மா இரு எல்வின். பிப்ரவரி முழுக்க ஹீட்டரை அணைச்சுட்டுக் கோட்டோட படுத்தேன். எல்லார் வீட்டுத் தாளையும் நிரப்பினவ, என் வீட்டுத் தாள்ல 'வசதி'ன்னு எழுதினேன். அதுதான் அந்த அறிக்கையிலயே பெரிய பொய்."

ஹாஜ் பாபிகர் தன் கையாலேயே நல்ல துண்டாகப் பார்த்து வைத்தார். கொஞ்ச நேரம் எல்வின் தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு, "டிராக்டர் வங்கியோடது. கொட்டகையும்தான்," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு க்ளெனிஸின் பின்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். வரிசை சுவர்வரை நீண்டது. ஐம்பத்தெட்டில் நின்றது.

"இன்னும் பன்னண்டு," என்றார் மௌலானா.

சுவரோரத்திலிருந்து நிமாத் முன்னால் வந்தாள். பதூலின் முகத்தைப் பார்க்காமல், "எனக்கும் ஒரு தட்டு," என்றாள். ஆம்னா வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். எழுபதாவது தட்டு போனதும் ஹாஜ் பாபிகர் ஏக்கத்தோடு வரிசையைப் பார்த்தார். தன் சத்தியத்துக்குப் போட்ட சோற்றைத் தானே தின்னக் கூடாது. "அடுத்த வாரம் வேற எவனாவது சத்தியம் பண்ணுங்கடா," என்றார். "நானும் வரிசையில நிக்கணும்." மௌலானா எழுபது பெயர்களையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். 'இத்தனை ஏழைகளுக்கும் பஸ் வேண்டும்' என்று தலைப்புப் போட்டு, அந்தத் தாளை அன்று மாலையே திருமதி ஹாஃப்மனின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஏலம் நின்றது.

திங்கள் காலை ஏழு மணிக்கு பஸ் வந்தபோது நிறுத்தத்தில் முப்பது பேர் இருந்தார்கள். ஏழை என்று ஒருதரம் சொல்லியாகிவிட்டது, இனி ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் பஸ்ஸில் போக என்ன வெட்கம்? அடித்துப் பிடித்து எல்லாரும் ஏறினார்கள். ஏறியதும் நின்றுவிட்டார்கள்.

"நீங்க உக்காருங்க எல்வின் ஐயா."

"பெண்கள் நிக்கையில நானா? நீங்க உக்காருங்கம்மா."

"வயசுல பெரியவங்க க்ளெனிஸம்மா நிக்கிறாங்களே!"

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். ஆம்னா, நீ உக்காரு."

பதினான்கு இருக்கையும் காலி. முப்பது பேர் தோளோடு தோள் இடித்து நின்று ஒருவருக்கொருவர் இடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, இப்படி நெரிசலாக வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் வண்டியை எடுக்க மாட்டேன் என்றார். மணி ஏழு ஐந்து. ஏழு எட்டு.

பதூல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். ஜன்னலோர இருக்கை ஒன்றைப் பார்த்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எனக்குக் கால் வலிக்குது," என்றாள். "நான் உக்காரப் போறேன்."

உட்கார்ந்தாள். வாசலில் இருந்தவர்கள் உள்ளே நகர, பஸ் கிளம்பியது. அவள் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். மற்ற பதிமூன்று இருக்கைகளும் கல்லூரிவரை காலியாகவே வந்தன.