சலவைக்கடை நடனத்துக்கு வேறு பாட்டு

நடிகை ராஸலிண்ட் பீக்ஸ் எங்கள் அறைக்கு வந்த அன்று வெயிலா மழையா என்பதில் எனக்கும் டோரீனுக்கும் உடன்பாடு இல்லை. மழை என்கிறாள் டோரீன். அவர் குடையை மூலையில் சாய்த்துவைத்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். எனக்கோ வாசலில் ஜகரண்டா மரத்தின் ஊதாப் பூக்கள் காய்ந்த தரையில் உதிர்ந்து கிடந்ததும், அவர் அவற்றை மிதிக்காமல் சுற்றி நடந்ததும்தான் கண்ணில் நிற்கின்றன. அவள் சொல்வதே சரியாக இருக்கலாம். பழைய தொலைக்காட்சித் தொடர்களில் இருக்கும் ஒரு பாட்டை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒட்டு தெரியாமல் இன்னொன்றை வைப்பது என் வேலை. பல வருடம் அதைச் செய்தவனின் ஞாபகத்தை யாரும் முழுதாக நம்பவேண்டாம்.

ஸ்டுடியோக்கள் நிறைந்த பர்பாங்கில் அப்போது எங்களுக்கு ஓயாத வேலை. டிவிடி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஸ்டுடியோக்கள் கிடங்கில் கிடந்த நகைச்சுவைத் தொடர்களைத் தூசி தட்டிப் பெட்டி பெட்டியாக விற்றுக்கொண்டிருந்தன. எழுபதுகளில் அந்தத் தொடர்களை எடுத்தவர்கள், அவற்றில் வரும் பாட்டுகளுக்கு ஒளிபரப்பும் உரிமையை மட்டுமே வாங்கியிருந்தார்கள். ஒரு தொடரை ஜனங்கள் கடையில் வாங்கி வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்வார்கள் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே ஒரு காட்சியில் ரேடியோ பாடினாலும் சரி, ஒருவன் குளித்துக்கொண்டே பாடினாலும் சரி, பாட்டின் சொந்தக்காரரைத் தேடிப்பிடித்து மறுபடி கேட்கவேண்டும். கேட்பது டோரீன் பாஸ்டர்நாக்கின் வேலை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, டூனா சாண்ட்விச்சைத் தின்றபடி, காது மந்தமான மாமாவிடம் பேசுவதுபோல வக்கீல்களிடம் பேசுவாள். முடியாது என்று பதில் வந்தால் அந்தக் காட்சி என் மேசைக்கு வரும்.

அந்த வருடம் வந்தது ‘இன்னொரு அலசல்’ என்ற தொடர். கதை பால்டிமோரில் நடக்கிறது. காசு போட்டால் இயந்திரம் துணி துவைத்துத் தரும் ஒரு சலவைக்கடை. அதன் முதலாளியம்மா வெர்னாவாக ராஸலிண்ட் பீக்ஸ். இயந்திரங்களைப் பழுதுபார்க்க வரும் கஸ் என்பவனாக எமெட் டுகெட். தொடர் ஓடிய வருடங்கள் முழுக்க இருவருக்கும் வாய்ச்சண்டைதான். நடுவில் ஒரே ஒரு எபிசோடில், கடையைச் சாத்தியபிறகு, ரேடியோவில் ஒரு பாட்டு வர, உலர்த்தும் இயந்திரங்களுக்கு நடுவே அவர்கள் பேசிக்கொண்டே ஆடுவார்கள். கஸ் வெர்னாவின் கையைத் தொட்டது அந்த ஒருமுறைதான்.

அந்த நடனத்தை முதல் ஒளிபரப்பின்போது பார்த்தவர்கள் பார்த்ததுதான். பிறகு மறுஒளிபரப்புக்கு விற்றபோது விளம்பரத்துக்கு இடம் வேண்டுமென்று ஒவ்வொரு எபிசோடிலும் கொஞ்சம் வெட்டினார்கள். இதில் வெட்டுப்பட்டது நடனம். கால் நூற்றாண்டாக அது மூலப்பிரதியில் மட்டும் இருந்தது.

பாட்டை வாங்க டோரீன் எல்லா வழியிலும் முயன்றாள். இசைத்தட்டு நிறுவனம் சரி என்றது. மெட்டை உருவாக்கியவர்கள் இரண்டு பேர். ஒருவரின் குடும்பம் சரி என்றது. மற்றவரின் பிள்ளைகள் தங்களுக்குள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தலையாட்டினால் போதும், அதற்காகவே மற்றவர் மறுத்தார். ஸ்டுடியோவில் இந்தப் பெட்டிக்குப் பொறுப்பாக இருந்தவர் கர்பி ஸ்ட்ராண்ட். கெட்டவர் அல்ல. வேலை உரிய நாளில் முடியவேண்டும் என்று நினைப்பவர். வெட்டிய பிரதியே ஒழுங்காகத்தான் இருக்கிறது, அதையே போட்டுவிடலாம் என்றார்.

ராஸலிண்ட் அந்த எபிசோடுக்கு வர்ணனை பேச ஒப்புக்கொண்டிருந்தார். படம் ஓட, அதைப் பார்த்தபடி பழைய கதைகளைச் சொல்வது. அதை டிவிடியில் தனியாகச் சேர்ப்பார்கள். நடனம் இருக்காது என்ற தகவலை அவரிடம் சொல்லும் பொறுப்பு டோரீன் தலையில் விழுந்தது. ஒலிபெருக்கியில் வைத்துப் பேசினாள், நானும் கேட்டேன்.

“எமெட் போன அக்டோபர்ல போயிட்டான்” என்றார் ராஸலிண்ட். “அந்த டான்ஸை இன்னொரு தடவை பாத்துட்டாப் போதும்னு சொல்லிட்டே இருந்தான். எங்கிட்ட இருந்தாத்தானே காட்டறதுக்கு? அது இல்லாத பெட்டியில என் குரலைப் போடாதீங்க, கண்ணு. கோவமெல்லாம் இல்லை. எனக்கு அங்க வேலை இல்லை, அவ்வளவுதான்.”

டோரீன் தொலைபேசியை வைத்தாள்.  சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். பிறகு, “லீலண்ட், உன்னால ஏதாவது முடியுமா?” என்று கேட்டாள். கர்பியிடம் பேசி அடுத்த வெள்ளிக்கிழமை வரை அவகாசம் வாங்கியதும் அவள்தான்.

மூலப்பிரதியில் பேச்சும் பார்வையாளர் சிரிப்பும் பாட்டும் ஒரே ஒலித்தடத்தில் கலந்திருந்தன. காப்பியில் கலந்த பாலைத் திரும்ப எடுக்கமுடியாது. பாட்டைக் கலப்பதற்கு முன்பு, பார்வையாளர் முன்னால் மேடையில் நடித்தபோது பதிவான தனி நாடா இருந்தால்தான் ஏதாவது செய்யலாம். பழைய நாடாக்களைக் கான்சாஸில் ஒரு உப்புச் சுரங்கத்துக்குள் அடுக்கிவைத்திருக்கிறார்கள். அங்கே ஈரம் அண்டாது. அனுப்பச் சொல்லிவிட்டு, அது வரும்வரை சத்தமில்லாத படத்தை ஓடவிட்டுப் பாட்டுத் தேடினேன்.

பழைய பாட்டின் அதே வேகத்தில், அதே நான்கு தட்டில், உரிமைச் சிக்கல் இல்லாத பாட்டுகள் எங்களிடம் நிறைய உண்டு. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எதுவும் உட்காரவில்லை. துணி மடிக்கும் மேசை மறைத்ததால் காட்சியில் கால்கள் தெரியாது; தோள்கள் மட்டும் தெரியும். அந்தத் தோள்கள் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் விலகி விலகிப் போயின. கர்பி எட்டிப் பார்த்தார்.

“ரெண்டு மாவு மூட்டையைக் கயித்துல கட்டித் தொங்கவிட்டா இப்படித்தான் ஆடும்” என்றார்.

அவர் சொன்னது சரி. தவறு என்னுடையது என்று நினைத்தேன். எவ்வளவு விலகுகிறது என்று அளக்க, வாங்கமுடியாத அந்தப் பழைய பாட்டோடு காட்சியை ஓட்டினேன். அதோடும் தோள்கள் சேரவில்லை. இத்தனை நாள் எனக்கு அது கண்ணில் படாததற்குக் காரணம், அந்தப் பாட்டு எனக்கு மிகவும் பிடிக்கும் என்பதுதான்.

 எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடிகர்கள் பேசிக்கொண்டே ஆடும் காட்சி என்றால், மேடையில் பாட்டைத் தொடக்கத்தில் கொஞ்சம் போடுவார்கள். தாளம் பிடிபட்டதும் நிறுத்திவிடுவார்கள். அப்போதுதான் பேச்சு சுத்தமாகப் பதிவாகும். கூட்டத்தின் முன்னால் அவர்கள் ஆடுவது நிசப்தத்தில்; பாட்டைப் பிறகு சேர்ப்பார்கள். நான் பாட்டுக்குப் பாட்டைப் பொருத்திக்கொண்டிருந்தேன். ஆடியவர்களைப் பார்க்கவில்லை.

நாடா செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். பாட்டு கொஞ்சம் ஒலித்து, பட்டென்று நின்றது. அதற்குப்பின் பாட்டு மூடிவைத்திருந்ததெல்லாம் கேட்டது. தரையில் செருப்பு உரசுவது, கூட்டத்தில் ஒருவர் இருமுவது, வெர்னா கஸ்ஸைக் கிண்டல் செய்வது, சிரிப்பு அடங்குவது. பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் வேறொன்றும் இருந்தது. ஒரு ஆணின் முணுமுணுப்பு, மூக்கால், மெதுவாக. ஒரு அழுத்தம், இரண்டு லேசு. ஒரு அழுத்தம், இரண்டு லேசு. மூன்று தட்டு. வால்ட்ஸ் நடனத்தின் தாளம். படத்தைச் சேர்த்து ஓட்டினேன். தோள்கள் அதன் மேல் இறங்கி அப்படியே உட்கார்ந்தன.

டோரீனைக் கூப்பிட்டேன். வாயில் இருந்ததை மெல்லாமல் கேட்டாள்.

“யாரு இது?”

“எமெட்.”

“என்ன பாட்டு?”

தெரியாது என்றேன்.

“தெரியலைன்னா வாங்க முடியாது. செத்தவன் முணுமுணுப்புக்கும் எவனாவது சொந்தக்காரன் வந்து நிப்பான்” என்று சொன்னாள். சொல்லும்போதே ராஸலிண்டின் எண்ணைத் தேடத் தொடங்கியிருந்தாள்.

அவர் வந்தார். அன்றுதான் வெயிலோ மழையோ. எழுபதைத் தாண்டியவர், நிமிர்ந்த நடை, கையில் எலுமிச்சைக் கேக் வைத்த டப்பா. ஏதாவது கொண்டுவராமல் யார் வீட்டுக்குள்ளும் நுழைந்து பழக்கமில்லை என்று சொல்லி டோரீனிடம் கொடுத்தார். படம் வேண்டாம், முதலில் சத்தம் மட்டும் போடுங்கள் என்றார். போட்டேன்.    

“எனக்கு ஆடவே வராது” என்றார் கேட்டு முடித்து. “ஒத்திகை பூரா அவன் காலை மிதிச்சேன். ஆள் நொண்டிட்டே வீட்டுக்குப் போவான். அன்னிக்குப் பாட்டை நிறுத்தினதும் என் கால் நின்னுபோச்சு. எதிர்ல அத்தனை ஜனம். சட்டுனு காதுகிட்ட வந்து இதைப் பாட ஆரம்பிச்சான். எனக்கு மட்டும்தான் கேட்டுதுன்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்.”

என்ன பாட்டு என்று அவர் அப்போதே கேட்டிருக்கிறார். எமெட்டின் ஊர் அயோவாவில், ஆற்றங்கரையில். அங்கே சக்கரச் செருப்பு மாட்டிச் சுற்றும் கூடம் ஒன்று உண்டு. கூடத்தை மூடுவதற்கு முன் கடைசிச் சுற்றுக்கு ஆர்கன் வாத்தியத்தில் இதைத்தான் வாசிப்பார்கள். வேறெதற்கும் ஆடத்தெரியாதவன்கூட இதற்கு விழாமல் சுற்றிவிடுவான் என்று எமெட் சொன்னாராம்.

மறுநாள் முழுக்க டோரீன் தொலைபேசியில் இருந்தாள். அந்தக் கூடம் இன்னும் இருந்தது. அதை நடத்தும் அம்மாள், கேட்டதும் மெட்டைத் தொலைபேசியிலேயே பாடிக்காட்டினார். ஆனால் அதன் பெயர் அவருக்குத் தெரியவில்லை. பெயர் கிடைத்தது ஒரு நூலகத்தின் இசைப் பிரிவில். பியானோவுக்காக அச்சடித்த, உரிமைக் காலம் எப்போதோ முடிந்துபோன பழைய வால்ட்ஸ். அதை எழுதியவர் செத்து அவருடைய பேரப்பிள்ளைகளும் செத்திருப்பார்கள். டோரீன் என் கதவில் சாய்ந்து நின்றாள்.

“யாருக்கும் சொந்தமில்லை, லீலண்ட். இத்தனை வருஷ சர்வீஸ்ல எனக்குக் கெடைச்ச மொத அனாதை” என்றாள். அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

தெரிந்த ஒருவரைப் பிடித்துச் சின்ன ஆர்கனில் அதை வாசிக்கவைத்தேன். எமெட்டின் முணுமுணுப்பைக் காதில் கேட்டபடியே அவர் வாசித்தார். எமெட் வேகம் பிடித்தால் தானும் பிடித்து, மூச்சுக்கு நின்றால் தானும் நின்று. அதைச் சலவைக்கடை ரேடியோவிலிருந்து வருவதுபோல் மெலிதாக்கி, பேச்சுக்கு அடியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை கர்பி வந்தார். ராஸலிண்டும் வந்திருந்தார். முதல் ஒளிபரப்புக்குப்பின் நடனத்தைப் படத்தோடு அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.

கர்பி முழுதாகப் பார்த்தார். பழைய பாட்டை ஞாபகம் வைத்திருப்பவர்கள் திட்டுவார்கள் என்றார். திட்டட்டும், வெட்டினாலும் திட்டத்தான் போகிறார்கள் என்றாள் டோரீன். அவர் அதை ஒப்புக்கொண்டார். ஆனால் பேச்சுக்கு அடியில் ஏதோ முனகல் கேட்கிறது, அதைச் சத்தம் சுத்தம் செய்யும் பிரிவுக்கு அனுப்பி எடுத்துவிட்டால் காட்சி பளிச்சென்று ஆகிவிடும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அதை எடுத்தா நான் விழுந்துடுவேன், தம்பி.”

கர்பி திரும்பிப் பார்த்தார்.  யார் முனகுகிறார்கள் என்று அவர் என்னிடம் கேட்டார், சொன்னேன். இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். இந்த முறை அவர் திரையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“சரி. இருக்கட்டும்” என்றார் முடிந்ததும். பிறகு கேக் மிச்சம் இருக்கிறதா என்று டோரீனிடம் விசாரித்தார்.

அன்று மத்தியானமே ராஸலிண்ட் வர்ணனை பேசினார். யார் யாரோடு சண்டை, எந்த இயந்திரம் அட்டையில் செய்தது, எமெட் எப்படி வசனத்தைச் சோப்பு டப்பாவில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்வார் என்றெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நடனம் வந்ததும் நிறுத்தினார். அது முடியும்வரை ஒரு வார்த்தை இல்லை. அந்த இடத்துக்கு மட்டும் இன்னொருமுறை பேசுகிறீர்களா என்று ஒலிப்பதிவு செய்தவர்கள் கேட்டார்கள். பேசவேண்டியதைப் பேசியாயிற்று என்று சொல்லிக் கைப்பையை எடுத்துக்கொண்டார். டிவிடியில் அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது.

பெட்டி சுமாராக விற்றது. இணையத்தில் ரசிகர்கள் சண்டை போட்டார்கள். பாட்டை மாற்றியவனின் கையை உடைக்கவேண்டும் என்று ஒருவர் எழுதினார். ஒஹையோக்காரர் ஒருவர், முதல் ஒளிபரப்பிலேயே இந்த வால்ட்ஸ்தான் வந்தது, அப்பாவோடு உட்கார்ந்து கேட்டேன் என்று சத்தியம் செய்தார்.

சில வருடங்களில் டிவிடி வியாபாரம் படுத்தது. எங்கள் நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்டது. அந்தப் பழைய பாட்டின் வாரிசுகள் சமாதானமாகிப் பாட்டை விற்றுவிட்டார்கள். இப்போது அது தயிர் விளம்பரத்தில் வருகிறது. கர்பி ஸ்ட்ராண்ட் வேலையை விட்டு ஓரிகனுக்குப் போய்ப் படகு வாடகைக்கு விடுகிறார். டோரீன் ஓய்வு பெற்று டூசானில் தன் தங்கையோடு இருக்கிறாள். ராஸலிண்ட் பீக்ஸ் தம் எண்பதாவது வயதில், பாசடினாவில், தூக்கத்தில் இறந்தார். நான் பர்பாங்கிலேயே இருக்கிறேன். பாட்டு மாற்றும் வேலை இன்னும் வருகிறது, முன்பைவிடக் குறைவாக.