கேசட்டுக்குள் ஒரு பிளாஸ்திரி

வீட்டில் அவனுக்குப் பெயர் ரப்பர். வயது இருபத்து மூன்று. இப்போது இருப்பது, வீட்டிலிருந்து விமானத்தில் ஒன்பது மணி நேரம் தள்ளி, பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஒரு தமிழர் கடையின் பின்னறையில். ஜன்னல் இல்லாத அறை. ஒரு நீள மேசை, கழுத்தை வளைத்து நிற்கும் விளக்கு, சால்டரிங் அயர்ன், சுவர் முழுக்கத் திருகாணி டப்பாக்கள்.

பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர் உண்டு. வீட்டில் கடைசியாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது யார் என்று அவனுக்கே நினைவில்லை. ரப்பர் என்ற பெயர் ஒன்பது வயதில் வந்து ஒட்டிக்கொண்டது. அக்காவின் கேமை அழித்தவன் அல்லவா, அதனால்.

அப்பா ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர். அங்கிருந்த டாக்டர் ஒருவர், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று ஒரு பழைய கேம் பெட்டியையும் ஒரே ஒரு கேசட்டையும் அவரிடம் கொடுத்தார். ஏழு கோட்டைகளைத் தாண்டிப் போகிற விளையாட்டு. எதுவரை வந்தோம் என்பதைச் சேமித்து வைக்க அதில் மூன்று இடம் இருந்தது. முதல் இடம் அக்காவுக்கு. இரண்டாவது அம்மாவுக்கு. அவள் முதல் ஆற்றிலேயே நாலு தடவை மூழ்கிவிட்டு, "எனக்கு நிஜத்துலயே நீச்சல் தெரியாது, விடுங்க" என்று எழுந்து போய்விட்டாள். மூன்றாவது அவனுக்கு.

ஏழாவது கோட்டையின் வாசலில் நிற்கும்போது அக்காவுக்குப் பள்ளி இறுதிப் பரீட்சை வந்தது. அவளே கேசட்டைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள். "மூணு மாசத்துக்கு நான் அழுதாலும் குடுக்காதீங்கப்பா." அப்பா அதை அலமாரியின் மேல்தட்டில் துணிகளுக்கு அடியில் வைத்தார். பரீட்சை முடிந்த அன்று சீருடையைக்கூட மாற்றாமல் அக்கா அதைப் போட்டுப் பார்த்தாள். மூன்று இடமும் காலி.

நடுவில் ஒரு மதியம், அம்மா கண்ணயர்ந்த நேரம், அவன் நாற்காலி போட்டு ஏறி அந்தக் கேசட்டை எடுத்து ஓட்டிப் பார்த்தது உண்மை. பத்து நிமிடம்கூட இருக்காது. பயந்துபோய்த் திருப்பி வைக்கும்போது அம்மா பார்த்துவிட்டாள். அதற்கு மேல் விசாரணை எதற்கு? அக்கா அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அப்பா நடுவில் வந்து நின்று, "விடும்மா, சின்னப் பையன், தெரியாம செஞ்சிருப்பான்" என்றார். அக்கா அந்தக் கேசட்டை அதற்குப் பிறகு தொடவே இல்லை.

தெரியாமல் செய்திருப்போமோ? அந்தக் கேள்வி அவனோடு கூடவே வளர்ந்தது. வீட்டுப் பத்திரம், மின்கட்டண அட்டை, அம்மாவின் மருந்துச் சீட்டு, எதையும் அவன் கையில் தரமாட்டார்கள். "ரப்பர்கிட்டயா? காகிதம் வெள்ளையா திரும்பி வரும்" என்று ஒரு சிரிப்பு. அவனும் கூடச் சிரிப்பான். இந்தக் கடையில் சேர்ந்த பிறகும் ஒரு திருகாணியைத் தொடும் முன் நாலு போட்டோ எடுப்பான். "நீ போட்டோ ஸ்டூடியோவுக்குப் போக வேண்டியவன், வழி தவறி இங்க வந்துட்ட" என்பார் முதலாளி. கேசட் பேட்டரி மாற்றும் வேலை வந்தால் சத்தமில்லாமல் முதலாளி பக்கம் தள்ளிவிடுவான்.

அந்தப் பேட்டரியைப் பற்றி அவன் தெரிந்துகொண்டதே இங்கேதான். இந்த மாதிரிக் கேசட்டுகளுக்குள் காசளவில் ஒரு பேட்டரி இருக்கும். சேமித்ததையெல்லாம் மறக்காமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். கையால் அழித்தால் ஒவ்வொரு இடமாகத்தான் அழிக்க முடியும். அதுவும் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் அழிக்கும்.

போன மாதம் போனில் அக்கா வழக்கம்போல ரப்பர் என்று ஆரம்பித்தபோது, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவன் எதிர்த்துப் பேசினான்.

"மூணும் ஒண்ணா போச்சுன்னா அது பேட்டரிதான் அக்கா. நான் இல்ல."

"பெரிய இன்ஜினியரு. அப்போ திறந்து பாத்துட்டுச் சொல்லு."

"அனுப்பு, பாக்கறேன்."

"பேட்டரி செத்திருந்தா குடும்ப குரூப்லயே எல்லார் முன்னாடியும் நான் மன்னிப்புக் கேக்கறேன். உயிரோட இருந்துச்சுன்னா நீ கேக்கணும். சரியா?"

இந்தப் பக்கம் வந்த ஒருவர் கையில், அக்கா தன் குழந்தையின் காலுறைக்குள் போட்டு அனுப்பிய கேசட் வந்து சேர்ந்தது. இன்று பேட்டரி செத்துக் கிடந்தாலும் அன்றைக்கும் செத்திருந்தது என்று ஆகிவிடாது. அது அவனுக்குத் தெரியும். ஆனால் குடும்பக் கோர்ட்டுக்கு அவ்வளவு சாட்சி போதும். இருந்தும் மூன்று வாரம் அந்தக் காலுறையை அவன் பிரிக்கவில்லை. உயிரோடு இருந்துவிட்டால்?

இன்று மதியம் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கவுன்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். பில் போடுகிறவள் என்பதால் கடையில் எல்லோருக்கும் அவள் பில்லு. அவனைவிட ஒரு வயது சின்னவள். வாய் மட்டும் நாலு வயது பெரியது.

"என்ன, இன்னிக்காவது ஆபரேஷன் உண்டா, இல்ல பேஷன்ட்டுக்கு இன்னொரு போட்டோவா?"

"சும்மா இரு பில்லு. கை நடுங்குது."

"அதுக்குத்தான் வந்திருக்கேன். கையைப் பிடிச்சுக்கவா?"

கேசட்டின் முதுகில் இரண்டு திருகாணிகள் ஆழமான குழிக்குள் இருந்தன. சாதாரண ஸ்க்ரூடிரைவர் அவற்றில் உட்காராது. தலையைச் சுற்றிப் பல் பல்லாக இருக்கும். அதற்கென்றே செய்த குழாய் மாதிரியான கருவி வேண்டும். அதை இறக்கினான். பிடிக்கவில்லை. விளக்கை இழுத்து உள்ளே பார்த்தான். திருகாணியின் பற்களுக்கிடையே நீல நிறத்தில் ஏதோ உருகிக் காய்ந்திருந்தது.

"பேனா," என்றாள் பில்லு, பூதக்கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு. "இந்த டூல் இல்லாதவங்க பால்பேனா பின்பக்கத்தை நெருப்புல காட்டி, அது மேல அமுக்கிப் பிடிப்பாங்க. ஆறினதும் திருகினா கழண்டு வந்துடும். உங்க வீட்டுல யாரோ ஏற்கெனவே திறந்திருக்காங்கடா."

"எங்க வீட்டுலயா? அப்பாவோட டாக்டர் வீட்டுல திறந்திருப்பாங்க."

நீலத்தை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டுத் திருகினான். மூடி திறந்துகொண்டது. பச்சைப் பலகை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பேட்டரி மறுபக்கம், அதன் இரண்டு கால்கள் மட்டும் இந்தப் பக்கம் தெரிந்தன. வோல்ட் மீட்டரின் முனைகளை அந்தக் கால்கள்மேல் வைத்தான்.

இரண்டு புள்ளி ஒன்பது.

புதுப் பேட்டரியே மூன்று வோல்ட்தான். உயிரோடு இருக்கிறது. நல்ல உயிரோடு இருக்கிறது. அப்படியென்றால் நாற்காலியும் பத்து நிமிடமும் அம்மா பார்த்ததும் எல்லாமே சரிதான். தெரியாமல்தான் செய்திருக்கிறான்.

"என்னடா, முகம் செத்துப்போச்சு?"

"நான்தான் பில்லு. நானேதான்."

"இரு இரு. இது முப்பது வருஷத்துக் கேசட். முப்பது வருஷம் எந்தப் பேட்டரிடா தாங்கும்? திருப்பு."

திருப்பினான். கம்பெனியில் வைத்த பேட்டரி அங்கே இல்லை. அதன் தகடுகளின் முறிந்த முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே வேறொரு பேட்டரியைச் செருகி, மேலே வெள்ளைப் பிளாஸ்திரியை இறுக்கி ஒட்டியிருந்தார்கள். பிளாஸ்திரியின் ஒரு நுனி உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது.

அவனுக்கு அந்த மடிப்பைத் தெரியும். ரிமோட்டில் தெரியும், குடைப்பிடியில் தெரியும், அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் காலில் தெரியும். அடுத்த முறை பிரிக்கும்போது நோயாளிக்கு வலிக்கக் கூடாது, நகத்தால் நோண்டக் கூடாது என்று அப்பா எந்தப் பிளாஸ்திரியின் நுனியையும் மடித்துத்தான் விடுவார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டால் எழுதுகிற மாதிரி இதன்மேலும் பேனாவால் தேதியும் நேரமும் எழுதியிருந்தார். மாலை ஆறு பத்து. அக்காவின் கடைசிப் பரீட்சைக்கு, அவன் அறை வாங்கியதற்கு, முந்தின நாள்.

மடிப்பைத் தொட்டுச் சொன்னான்: "எங்கப்பா."

"பேட்டரியை எடுத்த அந்த நிமிஷமே எல்லாம் போயிருக்கும்."

"ம்."

"அவருக்குத் தெரியாதா?"

"நல்லது பண்றதா நெனச்சிருப்பாரு."

"அது சரி. அப்புறம் நீ அடி வாங்கினப்போ?"

சின்னப் பையன், தெரியாம செஞ்சிருப்பான். காப்பாற்றின வார்த்தை என்றுதான் இத்தனை நாளும் அதை வைத்திருந்தான். அவனுக்காகப் பேசிய ஒரே ஆள் அப்பா. யோசித்துப் பார்த்தால், அதற்குப் பிறகு அவன் எதை உடைத்தாலும் அப்பா ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. பத்தாவது வயதில் ஒரு ஸ்க்ரூடிரைவர் செட் வாங்கித் தந்ததும் அவர்தான். தண்டவாளம் மாதிரி நேராகக் கிடந்த ஞாபகமெல்லாம் இப்போது கோணலாகத் தெரிந்தது.

"போட்டோ எடுத்துக் குரூப்ல போடுடா. பதினாலு வருஷக் கேஸு. தேதியோட, கையெழுத்தோட ஆதாரம். யாருக்குக் கிடைக்கும்?"

போட்டோ எடுத்தான். நாலு இல்லை, ஒன்றுதான். அது குரூப்பில் ஏறி நின்றது. இனி அனுப்பும் பொத்தான் மட்டும்தான் பாக்கி. குரூப்பில் எது வந்தாலும் முதலில் பார்ப்பது அப்பா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. காது மந்தமாகிப் போனதால் போன் பேச்சு ஒத்துவராது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பார். இதையும் அப்படித்தான் பார்ப்பார். கூடவே அக்கா, அம்மா, மாமா, சித்தி, அவர்கள் வீட்டு மாப்பிள்ளைகள் எல்லாரும் பார்ப்பார்கள்.

குரூப்பிலிருந்து போட்டோவை எடுத்துவிட்டு, அப்பாவுக்கு மட்டும் அனுப்பினான். பிளாஸ்திரியைத் தொட்டதில் விரலெல்லாம் பிசின். அதனால் போனில் பேசியே எழுதினான். பேசப் பேச எழுத்து விழுந்துகொண்டே போனது. எப்படி முடிஞ்சுதுப்பா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே, நான் இன்னிக்கும் கை நடுங்கித்தானே வேலை பாக்கறேன், என்னை ஏன்பா... இரண்டு நிமிடம் மூச்சு வாங்கப் பேசியிருப்பான். வெளியே கேம் வாங்க வந்தவர், "உள்ள ஏதாவது சண்டையா?" என்று கேட்டதும், "இல்ல சார், மிஷினைத் திட்டிட்டிருக்காரு. திட்டினாத்தான் ஓடும்" என்று கவுன்டருக்குத் திரும்பியிருந்த பில்லு சமாளித்ததும் அவன் காதில் விழுந்தது.

எழுதியதை எல்லாம் அழித்தான். இதை மட்டும் தெரிந்தே அழித்தான். பிறகு ஒரே வரி சொன்னான்: "அக்காகிட்ட நீங்க சொல்றீங்களாப்பா, நான் சொல்லட்டுமா?"

அப்பா படித்துவிட்டார் என்று தெரிந்தது. எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. கடைசியில் வந்தது இதுதான்:

"பிளாஸ்திரி இன்னும் ஒட்டிட்டிருக்கா"

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ஒட்டிட்டிருக்குப்பா. நல்லாவே ஒட்டியிருக்கீங்க."

அடுத்து ஒவ்வொரு வரியாக வந்தது.

"பேட்டரி தீரப்போகுதுன்னு டாக்டர் சொன்னார்"

"அவ பரீட்சை முடிச்சு வரும்போது போயிடக் கூடாதுன்னு புதுசு போட்டேன்"

"போட்டதால போச்சுன்னு மறுநாள் அவ அழும்போதுதான் புரிஞ்சுது"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள உன்னை அடிச்சுட்டா"

"அம்மாவை நம்பாம என்கிட்டதான் குடுத்து வெச்சா. அவ முகத்தைப் பாத்து வாய் வரல"

கொஞ்ச நேரம் கழித்து: "உனக்கு நான் பண்ணினது தப்பு"

அவன் அதற்குப் பதில் எழுதவில்லை. பரவால்லப்பா என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பரவாயில்லை என்பது உண்மை இல்லை. பிசினைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோபம் இருந்தது. ஆனால் கை நடுங்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தான்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்டுல இருப்பாங்க. நானே சொல்றேன். நீ சொல்லாத" என்று வந்தது.

"சரிப்பா."

அந்த நேரம் பார்த்துக் குரூப்பில் அக்கா: "டேய் ரப்பரு, திறந்தியா இல்லையா? தீர்ப்பு என்ன? நான் மன்னிப்பு டைப் பண்ணி வெச்சிருக்கேன், நீ டைப் பண்ணினியா?" மாமா உடனே சிரிக்கும் முகம் இரண்டு போட்டார்.

பில்லு கதவோரம் நின்றாள். "இப்ப என்ன சொல்லப்போற?"

பேட்டரி செத்துப்போச்சு என்று ஒரு வரி சொன்னால் இன்றைக்கே முடிந்துவிடும். அக்கா மன்னிப்புக் கேட்பாள், அப்பா தப்பித்துக்கொள்வார், அவனும் தப்பித்துக்கொள்வான். மீட்டரைப் பார்த்தான். இரண்டு புள்ளி ஒன்பது.

போனை வாயருகே கொண்டுபோனான். இந்த முறை ஒரே தடவையில் சொல்லி, திருத்தாமல் அனுப்பினான்:

"அக்கா, திறந்து பாத்துட்டேன். நான் அழிக்கல. நீயும் இப்போ மன்னிப்புக் கேக்க வேணாம், அதை அப்படியே வெச்சிரு. உள்ள என்ன இருந்துச்சுன்னு ஞாயித்துக்கிழமை அப்பா சொல்வாரு. அவருக்குச் சொல்றதுக்கு நேரமாகும், நடுநடுவுல நிறுத்துவாரு. இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அவர் முழுசா சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க பேசாதீங்க."