கன்னம் வைக்காத வீடு

ரங்கூனில் குண்டு விழுந்த வருஷம், கம்பத்தில் வாய்க்கால்கரைத் தெருவைக் களவு ஆட்டிவைத்தது. வாய்க்காலுக்கு முதுகு காட்டி நின்ற வீடுகளில்தான் கன்னம் வைத்தார்கள். பின்சுவரைக் குடைந்து அள்ளிக்கொண்டு வாழைத்தோப்புக்குள் இறங்கிவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. முதலில் ஜக்கம்மா வீடு, அப்புறம் அந்த வரிசை முழுக்க. நடுவிலிருந்த இருளம்மாள் வீட்டை மட்டும் எவனும் தொடவில்லை.

தப்பித்தோம் என்று அந்தக் கைம்பெண் சந்தோஷப்பட்டது கொஞ்ச நாள்தான். இவள்தான் திருடனுக்குத் துப்புக் கொடுக்கிறாள் என்று தெரு பேசியது. பறிகொடுத்த வயிற்றெரிச்சலை யார் தலையிலாவது கொட்ட வேண்டுமே! அவள் வாய்க்காலில் குடத்தை இறக்கினால் மற்ற பெண்கள் கரையேறினார்கள். மகள் பஞ்சம்மாளைப் பேசி முடித்திருந்த சுருளிப்பட்டிக்காரர்கள், களவாணி விட்டுவைக்கிற வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அதில்தான் அவள் நொறுங்கிப்போனாள்.

தெருவே வீரபாண்டித் திருவிழாவுக்கு வண்டி கட்டிய அன்று, மகளை ஏற்றிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்தங்கினாள். மகளுக்குச் சேர்த்த நகையைத் துணியில் முடிந்து எருக்குழியில் புதைத்தாள். கடப்பாரையோடு பின்பக்கம் போய், மண் உள்ளே விழும்படி வெளியிலிருந்தே தன் சுவரைக் குடைந்தாள். கெட்டிக்காரிதான்.

திருவிழாவுக்கும் போய்த் திரும்பி வந்து அவள் போட்ட கூப்பாட்டில் தெரு கூடிவிட்டது. பேசாதவர்களெல்லாம் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஜக்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

மறுநாளே சுருளிப்பட்டிக்காரர்கள் துக்கம் கேட்க வந்தார்கள். பெண்மேல் குறையில்லை, நகை போட்டால் முகூர்த்தம் வைக்கலாம் என்றார்கள். ஜெயமங்கலத்திலிருக்கும் தன் தம்பி போடுவான் என்று இருளம்மாள் வாய்கூசாமல் சொன்னாள். அவர்களுக்கு வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு எருக்குழிக்கு ஓடினாள்.

கிளறக் கிளறச் சாணிதான் வந்தது. தன்னையறியாமல் ஓலமிட்டாள்.

பக்கத்து வீட்டிலிருந்து ஜக்கம்மா வந்து நின்றாள்.

"நேத்தே அழுது முடிச்சிட்டியே ஆத்தா. இன்னிக்கி எதுக்கு?"

இருளம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். ஜக்கம்மா குனிந்து காதோடு சொன்னாள்.

"நீ பொதைக்கிறப்பவும் கொடையிறப்பவும் நான் வாழைக்குள்ளதான் நின்னேன். எங்க சொவத்தையும் நாந்தான் கொடஞ்சேன். நான் ஒரு தடவதான் அழுதேன்."

"என்ன சத்தம், சம்பந்தி?" என்று உள்ளேயிருந்து கேட்டார்கள்.

இருளம்மாள் சாணிக் கையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டாள்.